பின் சுவரில் ஒரு செம்புக் குழாய்

போன கிழமை நாட்யா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த தச்சு நிறுவனத்தில் இப்போது அவள்தான் மேற்பார்வை. பழைய மரச்சட்ட வீடுகளின் சுவருக்குள் ஈரத்தை அளக்கும் சிறு கருவிகளைப் பொருத்திக்கொண்டு திரிகிறார்கள். ஈரம் கூடினால் அது கைபேசிக்குச் செய்தி அனுப்புமாம். நல்ல விசயம்தான். எங்கள் காலத்தில் வீடு செய்தி அனுப்பாது, நாங்கள்தான் போய்த் தட்டிக் கேட்க வேண்டும்.

"தவா, பிரதான வீதி வீட்டில் பின்பக்கச் சுவரின் மூலையில், தரையோடு ஒட்டி ஒரு செம்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லை. அடைத்து விடட்டுமா?" என்று கேட்டாள்.

"தொடாதை!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னேன். ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, என் மகள் மொழிபெயர்த்துக் கொடுப்பாள். எழுத உட்கார்ந்த பிறகு, எங்கள் ஆட்களும் இதை வாசிக்கத்தான் வேண்டும் என்று பட்டது. ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன். தெரிந்த இடங்களை நாட்யா தாண்டிப் போகலாம்.

நான் சுவிசுக்கு வந்த கதை பலருடைய கதையும் போன்றதுதான். டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். பிறகு கலியாணம், லாங்கன்தாலில் தொழிற்சாலை வேலை, பிள்ளைகள். 2009 வைகாசியில் ஊரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதே கோடையில் தொழிற்சாலையும் ஆட்களைக் குறைத்தது. ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயது. வேலை இல்லை. வீட்டில் இருந்தால் தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்து எழும்ப முடியவில்லை. கையில் ஏதாவது பாரமாக இருந்தால்தான் மனம் அடங்கும் போலிருந்தது. வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்துப் பெண், "மரம் சுமப்பீர்களா?" என்று கேட்டாள். சுமப்பேன் என்றேன்.

என் பரம்பரையில் ஒருவரும் உளி பிடித்ததில்லை. முதலில் சுமந்தேன், கூட்டினேன், பழைய பலகைகளில் ஆணி பிடுங்கினேன். பிறகு வாள் தந்தார்கள். பிறகு உளி. என் இடக்கைப் பெருவிரலைப் பார்த்தால் அந்த வருடங்கள் தெரியும். படிப்பு என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

படிப்பித்தது என்றால் மைஸ்டர் பியெரிதான். மைஸ்டர் என்பது தலைமைத் தச்சர். பேர்ண் மாநிலத்து மனிதர், நெட்டை, பேச்சு மகா சிக்கனம். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பார். யோசனை வந்தாலும் அதே. அந்தத் தொப்பிக்குள் என்ன இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவர் அதற்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வேலை நன்றாக இருந்தால் "போகும்" என்பார். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் கிடையாது.

ஒரு பழைய வீட்டுக்குப் போனால் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கையைக் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பார். அடுத்து மரத்தில் உள்ளங்கையை வைப்பார். பிறகு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரம் 'டங்' என்று பதில் சொல்லும், உக்கின மரம் 'தொப்' என்னும். 'தொப்' என்ற இடத்தில் குத்தூசியால் குத்துவார். இவ்வளவுக்கும் பிறகுதான் வாய் திறக்கும். அவர் எனக்குச் சொன்னவற்றில் ஒன்றை நான் மறக்கவே இல்லை. "குற்றவாளியைத் தேடாதே தவா, தண்ணீரைத் தேடு."

இனி அந்த வீடு. லாங்கன்தாலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். பெயரைச் சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பிரதான வீதியில் நிற்கும் வீடு. சிவப்புப் பூசிய மரச்சட்டங்கள் வெளியே தெரியும், சட்டங்களுக்கு நடுவில் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அடைத்து வெள்ளை அடித்திருக்கும். கோடையில் யன்னல்களில் பூச்சாடி. உல்லாசப் பயணிகள் நின்று படம் எடுப்பார்கள். முன்னால் பார்த்தால் மாப்பிள்ளைக் கோலம். பின்பக்கத்தை ஒருவரும் படம் எடுப்பதில்லை.

மேல்மாடியில் வீட்டுக்காரர் ஹெர் லூதி, அதாவது லூதி ஐயா, தனியாக இருந்தார். தகப்பன் விட்டுப்போன வீடு. எப்போதும் கழுத்துப் பட்டி, காலில் மினுக்கிய சப்பாத்து, அதில் முகம் பார்க்கலாம். கீழே முன்பக்கம் எங்கள் சுகிர்தம் அக்காவின் கடை. அரிசி, முருங்கைக்காய், உறைந்த மீன், ரோல்ஸ். பின்பக்கத்துக் குசினியில் கொத்து ரொட்டி. முதலில் அந்தக் கொத்துச் சத்தத்துக்கு அயலார் முறையிட்டார்களாம், பிறகு அவர்களே வரிசையில் நின்றார்கள். அக்காவின் புருசன் நடேசண்ணை. அக்கா பேசுவார், அண்ணை செய்வார். குழாய், மின்சாரம், ஓடு பதிப்பது எல்லாம் தெரிந்த கைவேலைக்காரர். தமிழ்ப் பள்ளி முடிந்து சனிக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் போய் நிற்கிற இடம் அந்தக் கடைதான்.

நான் வேலையில் சேர்ந்து சில வருடங்கள் கழிந்த பிறகு, ஒரு பங்குனி மாதம், அந்த வீட்டின் பின்கதவு பூட்ட முடியாமல் போனது. ஹெர் லூதி எங்களைக் கூப்பிட்டார்.

மைஸ்டர் சுற்றி நடந்தார். உள்ளங்கையை வைத்தார். தட்டினார். பின்பக்க மூலையில் மரம் 'தொப்' என்றது. அங்கே கற்பீடத்தின் மேல் படுத்திருக்கும் நீண்ட ஓக் மரத்தை அடிமரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரின் எல்லாத் தூண்களும் அதன் மேல்தான் நிற்கின்றன. வெளியே சீமெந்து பூசி அதை மறைத்திருந்தார்கள். பூச்சு வெடித்த ஒரு இடத்தில் மைஸ்டர் குத்தூசியை வைத்தார். பிடிவரை இறங்கியது.

"தண்ணீர்," என்றார்.

ஹெர் லூதி குசினி யன்னலைப் பார்த்தார். உள்ளே ஒரு வாளியும், நிலம் கூட்டித் தள்ளும் தும்புத்தடியும் இருந்தன. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவர்கள் வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். மேலே இருந்து என் காதால் கேட்கிறேன். தண்ணீர் இவர்களுடையது என்றால் ஒப்பந்தம் முடிந்தது. கடையை எடுத்துக்கொண்டு போகட்டும்."

அக்காவுக்கு டொச் அரைகுறைதான். ஆனால் இந்த வசனத்தை விளங்கிக்கொள்ள இலக்கணம் தேவையில்லை. ஹெர் லூதி போன பிறகு அக்கா என் கையைப் பிடித்தார். "தம்பி, பத்து வருசத்துக்கு மேல இந்தக் கடையோடதான் சீவிக்கிறம். இந்த வயசில இவருக்கு ஆர் வேலை குடுப்பினம்? நீ அங்க இருக்கிறாய்தானே, பாத்துக் கதை."

கதைக்கிறேன் என்றேன். எதைக் கதைப்பது என்று தெரியாமலே சொன்னேன்.

மறுநாள் காலை மைஸ்டருக்கு வேறு ஊரில் அலுவல். சுவரை வெளியே இருந்து திறக்கச் சொல்லி என்னை விட்டுவிட்டுப் போனார், மத்தியானம் வருவதாகச் சொன்னார். சீமெந்தை உடைத்தேன். உள்ளே இருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாம் ஈரம். அடிமரத்தை மரம் என்று சொல்ல முடியாது, ஊறிய பிண்ணாக்கு. அதற்கு நேர் மேலே, சுவரின் வயிற்றுக்குள், வெளிப்பூச்சை எட்ட நாலு விரல் குறைய நின்றது ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாயின் வாய்.

சுவிஸ்காரர் ஒருவர் பார்த்திருந்தால் பழைய மின்கம்பிக் குழாய் என்று நினைத்திருப்பார். எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்தது. எங்கள் ஊரில் குசினி கட்டினால் மூலையில் தரையோடு ஒரு ஓட்டை வைத்துத்தான் கட்டுவோம். வாளியால் ஊற்று, தும்புத்தடியால் தள்ளு, தண்ணீர் அதற்குள்ளால் வாழையடிக்குப் போகும். அதற்குத் தூம்பு என்று பெயர். இந்த நாட்டில் அது எந்த வீட்டிலும் இல்லை.

குழாயை இழுத்தேன், ஆடியது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் வந்துவிடும். கட்டட உடைசல் போடும் பெரிய தொட்டி பக்கத்தில்தான் இருந்தது. போட்டு மூடினால் ஒருவருக்கும் தெரியாது, எங்கேயோ இருந்து வந்த ஈரம் என்று முடிந்துவிடும். கடை தப்பும். எனக்கு அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் உள்பக்கத்து ஓட்டை அப்படியே இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணீர் அதே வழியால் வரும். நான் புதிதாகப் போடும் மரத்தையும் தின்னும். தண்ணீர் எதனால் வந்தது என்பதை மறைத்துவிட்டுச் செய்கிற வேலை வேலையே இல்லை. குழாயை விட்டுவிட்டு உள்ளே போனேன்.

"நடேசண்ணை, மூலையில இருக்கிறது என்ன?"

அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னார். "தூம்பு. குசினியெண்டால் தண்ணி போக வேண்டாமோ?"

"அது வெளியில வரேல்லை அண்ணை. சுவருக்குள்ள நிக்குது."

கத்தி நின்றது. "முழுக்கத் துளைச்சால் வெளியில சீமெந்து உடையும், வீட்டுக்காரன் பேசுவான் எண்டு உள்ளுக்கையே விட்டனான். தண்ணி தேங்கேல்லை தம்பி, ஒழுங்காப் போச்சுது. போற இடத்தை நான் யோசிக்கேல்லை."

என்னோடு வெளியே வந்து பார்த்தார். அடிமரத்தைத் தொட்டார், விரல் உள்ளே போனது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கைவேலைக்காரனுக்குத் தன் வேலை செய்த நாசத்தைக் காண்பதைப் போல வேறொன்று இல்லை.

அக்கா விடவில்லை. "நீ சொல்லாமல் விட்டால் ஆருக்குத் தெரியப் போகுது?"

"இந்தத் தூண் கனகாலம் நிக்காதக்கா. விழுந்தால் நீங்கள் கொத்துப் போடுற இடத்திலதான் விழும். மைஸ்டர் மத்தியானம் வருவார். அண்ணை தானே சொல்லட்டும். அவர் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"எங்கட ஆளெண்டு நம்பி உன்னோட கதைச்சன். நீ எங்களைக் காட்டிக் குடுக்கப் போறியோ?"

அந்தச் சொல் எங்கள் சனத்துக்குள் இலேசான சொல் அல்ல. அதற்காகச் செத்தவர்கள் இருக்கிறார்கள். என் காது இரண்டும் சுட்டது. திரும்பி ஏதாவது சொன்னால் வாழ்நாள் பகையாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

மத்தியானம் மைஸ்டர் வந்தபோது நடேசண்ணை சுவரடியில் நின்றார். மேலங்கியைக் கழற்றி, கையைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதைப் போல நின்றார். விரலால் குழாயைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைக் காட்டினார். "குழாய். நான்," என்றார் டொச்சில். அவருக்குத் தெரிந்த டொச்சில் அதற்கு மேல் தேவைப்படவில்லை. பிறகு வாளியால் ஊற்றுவதையும் தும்புத்தடியால் தள்ளுவதையும் செய்து காட்டினார்.

மைஸ்டர் தொப்பியைக் கழற்றினார். இவ்வளவு நேரம் அதற்குள் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு குசினிக்குள் போனார், முழங்காலில் இருந்தார், மட்டக்கோலைத் தரை ஓட்டில் வைத்தார். எல்லாப் பக்கத்திலிருந்தும் வைத்துப் பார்த்தார்.

"சரிவு நல்ல சரிவு," என்றார்.

அவர் வாயில் 'நல்ல' என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான். அதுவும் எனக்கு இல்லை, நடேசண்ணைக்கு!

வெளியே வந்து, நான் உடைத்துப் போட்ட சீமெந்துத் துண்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். மரத்தோடு ஒட்டியிருந்த பக்கம் கறுத்து, நனைந்து கிடந்தது. அதற்குள் ஹெர் லூதி இறங்கி வந்துவிட்டார். மைஸ்டர் அவருக்கு இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். உள்ளே இருந்து தண்ணீர் வந்திருக்கிறது. வெளியே சீமெந்து அதைப் போக விடவில்லை. மரம் நனையலாம், காய விட்டால் பிழைத்துவிடும். இங்கே குடிக்கக் கொடுத்து வாயையும் மூக்கையும் பொத்தியிருக்கிறார்கள்.

"அந்தப் பூச்சு என் அப்பா பூசுவித்தது," என்றார் ஹெர் லூதி. பிறகு, "ஆக, யாருடைய பிழை?" என்று கேட்டார்.

"நான் தச்சன்," என்றார் மைஸ்டர். "தண்ணீர் எங்கே வந்தது, ஏன் போகவில்லை என்று சொல்லிவிட்டேன்."

முதலில் வீட்டைத் திருத்துங்கள், கடையைப் பற்றிப் பிறகு முடிவு சொல்கிறேன், அதுவரை குசினிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது என்று சொல்லிவிட்டு ஹெர் லூதி மேலே போனார்.

அக்கா கடையைப் பூட்டவில்லை. "பூட்டினால் பிறகு திறக்க விடமாட்டினம்," என்று வீட்டிலே சமைத்து, நடேசண்ணையைக் கொண்டு தள்ளுவண்டியில் ஏற்றுவித்து, முன்பக்கத்தில் வைத்து விற்றார். நாங்கள் பின்பக்கத்தில் வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தோம், அவர் முன்பக்கத்தில் ரோல்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். எனக்கும் விற்றார். ஆனால் என்னோடு கதைக்கவில்லை. மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைப்பார். அது எனக்கு உளி வெட்டியதைவிட நொந்தது.

வீட்டைத் தூக்குவது என்றால் பலர் ஏதோ பாரந்தூக்கியைக் கொண்டு வந்து இழுப்பது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. உக்கிய பகுதிக்கு இரு பக்கமும் உள்ள தூண்களோடு ஒரு தடித்த மரத்தைக் குறுக்கே பூட்டினோம். அதன் கீழே, தரையில் பாரம் பரவும்படி பலகைகள் அடுக்கி, திருகித் திருகிப் பாரம் தூக்கும் ஜக்குகளை வைத்தோம். மேலே சுவரில் இருந்த வெடிப்புகளுக்குக் குறுக்கே மெல்லியதாகச் சாந்துப் பட்டி பூசினோம். வீடு ஏறுக்குமாறாக அசைந்தால் முதலில் அந்தப் பட்டி உடைந்து காட்டும்.

ஜக்கில் நான். மைஸ்டர் மூலைத் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். விரலை மேலே காட்டினால் ஒரு சின்னத் திருகு. கையை விரித்தால் நிறுத்து. ஒரு திருகு, பிறகு காத்திருப்பு. இன்னொரு திருகு, பிறகு தேநீர். "தூக்குவது வீட்டுக்குத் தெரியக் கூடாது," என்பார். இடையில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். மைஸ்டர் கையை விரித்தார். போய்ப் பார்த்தால் சாந்துப் பட்டிகள் முழுசாக இருந்தன, குசினியில் தரை ஓடு ஒன்றுதான் வெடித்திருந்தது. தூணுக்கும் அடிமரத்துக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தபோது மைஸ்டர் தூணில் இருந்து கையை எடுத்தார். அந்த மூலை முழுவதும் இப்போது எங்கள் முட்டில் நின்றது.

உக்கியதை அறுத்து எடுத்தோம். நல்ல மரம் தொடங்கும் இடத்தில் பாதிக் கனத்தைச் செதுக்கி, புது மரத்திலும் பாதியைச் செதுக்கி, இரண்டு உள்ளங்கைகளைச் சேர்ப்பதைப் போல ஒன்றின் மேல் ஒன்று படுக்கவைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் அதற்குள் தண்ணீர் போகும். நாங்கள் புதிதாக வைத்தது, இடித்த ஒரு களஞ்சியத்திலிருந்து எடுத்த பழைய ஓக் மரம், இரும்பு மாதிரி. அந்தப் பொருத்தைச் செதுக்க என்னை விட்டார். மூன்று முறை வைத்துப் பார்த்துக் கழற்றினேன். நான்காவது முறை உள்ளே போய் உட்கார்ந்தது, மர ஆணி அடித்தோம். மைஸ்டர் விரல் நகத்தால் பொருத்தைத் தடவினார். நகம் தடக்கவில்லை. "போகும்," என்றார்.

சுவரை மூடுவதற்கு முன் எல்லோரும் கூடினோம். மைஸ்டர், ஹெர் லூதி, அக்கா, அண்ணை, நான், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி. அவருடைய சம்மதமில்லாமல் அந்த வீட்டில் ஒரு ஆணி கூட அடிக்க முடியாது. ஹெர் லூதி முடிவைச் சொன்னார். ஓட்டையை நிரந்தரமாக அடைக்க வேண்டும். இனி ஒரு நாளும் தண்ணீர் ஊற்றமாட்டோம், ஈரத் துணியால் துடைப்போம் என்று இவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் இருக்கலாம். மீறினால் அன்றே வெளியே.

மொழிபெயர்க்க என்னைத்தான் விட்டார்கள். சொன்னேன். அக்கா என்னைப் பார்க்காமலே, "ஓமெண்டு சொல்லு," என்றார்.

அந்த 'ஓம்' எப்படிப்பட்ட 'ஓம்' என்று எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க முதல், வாசலைப் பூட்டிவிட்டு ஊற்றுவார். ஓட்டை இருக்காது. தண்ணீர் ஓட்டின் இடுக்கால் வேறு எங்கோ இறங்கும். இன்னும் சில வருடத்தில் இன்னொரு மூலை. அப்போது கடையும் போகும், வீடும் போகும். நான் மொழிபெயர்க்க வந்தவன், அதோடு நின்றிருக்கலாம். நிற்க முடியவில்லை.

"இவர் ஓம் என்கிறார்," என்று டொச்சில் சொன்னேன். "ஆனால் இவர் ஊற்றுவார்."

"டேய்!" என்றார் அக்கா. அந்த அளவு டொச் அவருக்குத் தெரியும். ஹெர் லூதியின் முகம் சிவந்தது. ஒரு கணம் கடையை நானே இழுத்து மூடிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் தொடங்கியதை முடிக்க வேண்டுமே.

"அக்கா, துடைச்சால் ஏன் போதாதெண்டு இவைக்கு நீங்களே சொல்லுங்கோ," என்றேன் தமிழில்.

அக்காவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இனி என்ன போகக் கிடக்கிறது என்ற குரலில் கொட்டினார். "துடைக்கிறது வேற, கழுவுறது வேற. துடைச்சால் ஊத்தை இடம் மாறும், அவ்வளவுதான். கழுவினால்தான் போகும். மீனும் இறைச்சியும் கிடந்த நிலத்தைக் கழுவாமல் நான் எப்பிடிச் சாமிக்கு விளக்கு வைக்கிறது? அவையளைக் கேள்."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கடைசியில் என்னுடையதையும் சேர்த்தேன். "அடைத்தால் தண்ணீர் ஒளித்துப் போகும். ஒளித்துப் போகிற தண்ணீர்தான் இந்த மரத்தைத் தின்றது. வெளிப்படையாகப் போக ஒரு வழி விடுங்கள்."

மைஸ்டர் தொப்பியைக் கழற்றினார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம், ஹெர் லூதி உட்பட. பிறகு காதில் இருந்த பென்சிலை எடுத்துப் புது ஓக் மரத்தின் மேலேயே வரைந்தார். தரை ஓட்டின் கீழே தண்ணீர் புகாத தட்டு. அதிலிருந்து ஒரு செம்புக் குழாய், மரத்தைத் தொடாமல் கல்லுக்கு நடுவால் வந்து, சுவரைத் தாண்டி ஒரு முழம் வெளியே. கீழே கூழாங்கல், அதிலிருந்து முற்றத்து வடிகால். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு மட்டும்.

மாநிலத்துப் பெண்மணி குனிந்து பார்த்தார். "பின்னொரு காலம் மரத்துக்குச் சேதமில்லாமல் இதைக் கழற்றலாமா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். கழற்றலாம் என்றார் மைஸ்டர். அப்படியென்றால் தனக்கு மறுப்பில்லை, இந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைத் துளைத்துத்தான் இருக்கிறார்கள் என்றார் அவர்.

இனி ஹெர் லூதிதான். அவர் நடேசண்ணையைப் பார்த்தார். "என் அப்பாவும் நல்லது என்று நினைத்துத்தான் பூசினார்," என்றார் மெதுவாக. பிறகு தன் வழக்கமான குரலுக்கு வந்தார். "வெள்ளிக்கிழமை என் கண்ணால் பார்ப்பேன். சுவரில் ஒரு சொட்டு இறங்கினாலும் என் முடிவுதான் முடிவு."

தரை ஓட்டைக் கழற்றி, தட்டையும் செம்புக் குழாயையும் நடேசண்ணையும் நானும் சேர்ந்து வைத்தோம். அவர் அன்று சாப்பிடவில்லை. முடித்த பிறகும் குழாயின் வாயில் விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே வந்திருக்கிறதா என்று.

வெள்ளிக்கிழமை காலை. மைஸ்டர் சொல்லி, குழாய்க்குக் கீழே கற்பீடம் முழுவதும் நான் காய்ந்த சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தேன். ஒரு சொட்டுப் பட்டாலும் கறுத்துக் காட்டும். மைஸ்டர் ஒரு பக்கம் நின்றார். ஹெர் லூதி நன்றாகப் பார்க்க வேண்டும் என்று குழாய்க்கு நேர் முன்னால் வந்து குனிந்தார். நடேசண்ணை எங்களோடு நிற்க முடியாமல் வேலி ஓரத்துக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

"ஊத்துங்கோ அக்கா!" என்று கத்தினேன்.

பயமா, கோபமா தெரியவில்லை, அக்கா ஒரேயடியாக வாளியைக் கவிழ்த்தார். பின்னாலேயே இரண்டாவது வாளி. தும்புத்தடி தரையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் ஒருமுறை விக்கியது. மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, சுவரைத் தாண்டி, கற்பீடத்தைத் தாண்டி, கூழாங்கல்லையும் தாண்டி, ஹெர் லூதியின் சப்பாத்து இரண்டிலும் விழுந்தது.

மைஸ்டரின் கை தொப்பிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

ஹெர் லூதி சப்பாத்தைப் பார்த்தார். மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து, கற்பீடத்துச் சுண்ணாம்புத் தூளில் விரலை வைத்தார். விரலைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். வெள்ளை.

"காய்ந்திருக்கிறது," என்றார். "அவர்கள் இருக்கட்டும்."

யன்னலால் அக்காவின் தலை வெளியே வந்தது. "என்னவாம்?"

"இருக்கட்டாம் அக்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நேரே என்னைப் பார்த்தார். "தேத்தண்ணி வைக்கட்டோ, தம்பி?" என்று கேட்டார். அந்தத் 'தம்பி'யை நான் அத்தனை நாளாகக் கேட்கவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

ஆகவே நாட்யா, உன் கருவியைத் தாராளமாக அந்தச் சுவருக்குள் வை. குழாயை அடைக்காதே. நான் சொல்வதில் நம்பிக்கை இல்லை என்றால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பின்பக்கத்தில் நின்று பார். நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகாதே.